பிச்சிப்பூவும் பாட்டிலில் வந்த இளமையும்

திருநெல்வேலிப் பேட்டையில் மாலை நேரத்தில் முழம் போட்டு விற்கும் பிச்சிப்பூவும், பிரான்சின் கிராஸ் நகரத்துத் தோட்டங்களில் பறிக்கப்பட்டு 1921-ல் வெளிவந்த ஷனெல் நம்பர் 5 என்ற புகழ்பெற்ற சென்டுக்குள் போன மல்லிகையும் ஒரே செடியின் பூ. தாவரவியலில் அதற்கு ஜாஸ்மினம் கிராண்டிஃபுளோரம் என்று பெயர். மதுரைக்கு வடக்கே போனால் ஜாதிமல்லி என்பார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.1, கோ.2 என்று இதில் இரண்டு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. தோவாளை, சங்கரன்கோவில் சந்தைகளில் குண்டுமல்லியோடும் முல்லையோடும் சேர்ந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதும் இதுதான். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். விரிந்தால் உள்ளே வெள்ளை.

இந்தப் பூவின் மணத்தை மாதிரியாக வைத்து நூற்றுக்கணக்கான சென்டுகள் வந்துவிட்டன. அவற்றில் ஒரு பெரிய வகை இளம்பெண்களுக்கு என்று விற்கப்படுவது. வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் பெட்டியைத் திறந்தால் இப்படிப்பட்ட பாட்டில் ஒன்றாவது இருக்கும். கல்லூரிக்குப் போகும் மகள் அடித்துப் பார்த்து, "சூப்பரா இருக்கு" என்கிறாள். தாய் முகர்ந்துவிட்டு, "இது சோப்பு வாசம்லா" என்கிறாள். பாட்டிக்குத் தலைவலி வந்துவிடுகிறது. இத்தனைக்கும் தினமும் ஒரு முழம் பிச்சியைத் தலையில் வைத்துக்கொண்டே தூங்கியவள் அவள். அரைமணி நேரம் கழித்து மகளோ, "வாசமே போயிட்டு" என்று மறுபடியும் அடிக்கப் போகிறாள். அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் தூக்கலாக அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே பாட்டிலுக்கு ஏன் இத்தனை தீர்ப்புகள்? பூ மணத்தில் இளமை, முதுமை என்று ஏதாவது இருக்கிறதா?

மணம் என்பது காற்றில் கலந்து மூக்குக்குள் வரும் மூலக்கூறுகளின் வேலை. எந்தப் பூவும் ஒரே ஒரு பொருளை வெளிவிட்டு மணப்பதில்லை. பிச்சியின் சாற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் இனங்காணப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய வேதியியலர் ஆல்பர்ட் ஹெசெ. 1899 முதல் அவர் மல்லிகை எண்ணெயைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பழவாசனை கொண்ட பென்சைல் அசிடேட், கொத்தமல்லி விதையிலும் இருக்கிற லினலூல், மல்லிகைக்கே உரிய ஜாஸ்மோன், இவற்றோடு யாரும் எதிர்பாராத இண்டோல் ஆகியவை அகப்பட்டன. ஜாஸ்மோனின் அமைப்பை 1933-ல் தெளிவாக்கியவர்களில் ஒருவர் லியோபோல்ட் ருசிக்கா. 1939-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.

ஹெசெ கண்ட இன்னொன்று பூக்காரர்களுக்குச் செய்தியே அல்ல. பறித்த பிறகும் மல்லிகை மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பூவை உடனே கரைப்பானில் போட்டு எடுத்த எண்ணெயைவிட, கொழுப்பு தடவிய கண்ணாடிச் சட்டத்தின் மேல் ஒருநாள் பரப்பி வைத்து எடுத்த எண்ணெய் பல மடங்கு அதிகமாகக் கிடைத்தது. அந்த ஒரு நாள் முழுக்கப் பூ உயிரோடு இருந்து மணத்தை வெளியிட, கொழுப்பு அதை உறிஞ்சிக்கொண்டது. காலையில் பறித்த மொட்டு மாலையில் கொண்டையில் விரிந்து மணப்பதும் இதே கதைதான். மல்லிகை மொட்டுக்குள் மணப்பொருள்களில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். அந்த நிலையில் அவை ஆவியாகா. ஆகவே மணமும் இராது. மொட்டு விரியும் நேரத்தில் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது.

தேங்காயெண்ணெய் தடவிய தலைமுடியில் சரத்தை வைத்தால், பூவை எடுத்த பிறகும் முடி மணக்கும். கிராஸ் நகரத்துக் கண்ணாடிச் சட்டத்தில் நடந்ததே இங்கும் நடக்கிறது: மணப்பொருள்கள் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ஆன்ஃப்ளராஜ் என்று பெயர் வைத்துத் தொழிலாக்கினார்கள். தாமிரபரணிக் கரைப் பெண்கள் பெயர் எதுவும் வைக்காமல் தினமும் செய்துவந்தார்கள்.

இன்று பெரும்பாலும் கொழுப்புக்குப் பதில் ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். அதில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகு போன்ற ஒரு பொருள் மிஞ்சும். தொழிலில் அதற்குக் காங்கிரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைப்பது ஆப்சல்யூட். ஒரு கிலோ ஆப்சல்யூட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ வேண்டும். உலகச் சந்தைக்குப் பிச்சி ஆப்சல்யூட்டைப் பெருமளவில் தருபவை இந்தியாவும் எகிப்தும். இந்தியாவில் அந்தத் தொழிலின் மையம் தமிழ்நாடு.

ஒரு சாற்றில் என்னென்ன இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 1950-களில் பரவிய கேஸ் குரோமட்டோகிராபி என்ற வளிமப் பகுப்பு முறைதான் பெரிய திருப்பம். சாற்றின் ஒரு சொட்டை ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் குழாயின் உள்பூச்சில் ஒவ்வோர் அளவு ஒட்டித் தாமதித்து, தனித்தனி நேரத்தில் வெளிவரும். குழாயின் முனையில் கருவி மட்டும் இருப்பதில்லை. மனிதர் ஒருவரும் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பொருளும் வரும்போது என்ன வாசனை என்று அவர் சொல்ல, அது பதிவாகும். இதனால் ஒன்று புலப்பட்டது: அளவில் அதிகமாக இருக்கும் பொருள்தான் மணத்தைத் தீர்மானிக்கிறது என்றில்லை. பென்சைல் அசிடேட் பெரும்பங்கு. ஆனால் அதை மட்டும் முகர்ந்தால் பழ மிட்டாய் நினைவுதான் வரும். கொஞ்சமே இருக்கும் ஜாஸ்மோனும் இண்டோலும் சேர்ந்த பிறகுதான் மூக்கு "மல்லிகை" என்கிறது.

செடியில் இருக்கும் பூவையே ஆராயும் முறை பின்னர் வந்தது. பூவைப் பறிக்காமல் கண்ணாடிக் குடுவையால் மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துப் பகுப்பார்கள். சுவிட்சர்லாந்தில் ரோமன் கைசரும், அமெரிக்காவில் இந்திய வம்சாவளி வேதியியலர் பிரஜா முகர்ஜியும் இதை வளர்த்தவர்கள். பறித்த பூவும் செடியிலிருக்கும் பூவும் வெளிவிடும் கலவைகள் ஒன்றல்ல என்று முகர்ஜி காட்டினார். "பூ வாசம்" என்று பாட்டிலில் அச்சடிப்பவர்கள் எந்தப் பூ, எந்த நிலையில் என்று சொல்வதில்லை. சொல்லவேண்டிய விஷயம் அது.

இப்போது இண்டோல். தனியாக, செறிவாக முகர்ந்தால் மலநாற்றத்தையும் அந்துருண்டையையும் நினைவூட்டும் பொருள் இது. மிகமிகக் குறைந்த அளவில் பூவாகப் படும். குண்டுமல்லியிலும் பிச்சியிலும் அந்த ஆழத்தை, மூடிய அறையில் ஆளை மயக்கும் கனத்தைத் தருவது பெரும்பாலும் இதுதான். மறுநாள் காலை பழுத்துப்போன சரத்தில் ஒரு மக்கல் வாடை வருகிறதே, அதன் பின்னாலும் இது உண்டு. எளிதில் ஆவியாகும் பென்சைல் அசிடேட்டும் லினலூலும் முதலில் குறைந்துபோக, கனமான கூறுகள் தூக்கலாகத் தெரிகின்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவின் பெரிய மல்லிகைச் சென்டுகள் இந்தக் கனத்தோடுதான் இருந்தன. அவை வசதியான, வயது வந்த பெண்களின் மாலைநேர மணமாகக் கருதப்பட்டன. இளமை என்று பெயரெடுத்த மணம் வேறொரு மூலக்கூற்றோடு வந்தது.

ஜெனீவாவின் ஃபிர்மெனிஷ் நிறுவனத்தில் எடுவார் டெமோல் என்ற வேதியியலர் மல்லிகை எண்ணெயில் அதுவரை அறியாத சிறு கூறுகளைத் தேடிக்கொண்டிருந்தார். 1962-ல் அவர் குழுவினர் மெத்தில் ஜாஸ்மனேட் என்ற பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். பூச்சி கடித்த செடி தன்னைக் காத்துக்கொள்ளவும் பக்கத்துச் செடியை உசுப்பவும் இதே பொருளைப் பயன்படுத்துகிறது என்பது பின்னால், 1990-ல் தெரிந்தது, அது தனிக்கதை. இந்தத் தேடலில் கிடைத்த நெருங்கிய உறவுப்பொருள் மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மனேட். வணிகப் பெயர் ஹெடியோன். தனியாக முகர்ந்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எலுமிச்சைச் சாயலோடு கொஞ்சம் மல்லிகை, அவ்வளவுதான். கலவையில் சேர்த்தாலோ மற்றப் பூ மணங்களுக்கு இடையே காற்றோட்டம் வந்ததுபோல் ஒரு லேசான தன்மை உண்டாகிறது. எட்மோன் ரூட்னிட்ஸ்கா 1966-ல் டியோர் நிறுவனத்துக்காகச் செய்த ஓ சோவாஜ் சென்டில் இதை முதலில் துணிந்து பயன்படுத்தினார். அது ஆண்களுக்கான சென்ட் என்பது வேடிக்கை. அதன் பிறகு பூ மணச் சென்டுகளில் ஹெடியோன் இல்லாததைத் தேடுவதுதான் கடினம்.

1978-ல் காஷரெல் நிறுவனம் அனாயிஸ் அனாயிஸ் என்ற வெள்ளைப் பூக்களின் மணத்தை இளம்பெண்களை மனத்தில் வைத்தே வெளியிட்டது. அந்த வெற்றிக்குப் பிறகு இளமையான பூ மணம் என்பது ஏறக்குறைய ஒரு சமையல் குறிப்பாகிவிட்டது. இண்டோலைக் குறை, ஹெடியோனைக் கூட்டு, மேலே எலுமிச்சை, ஆரஞ்சு, பேரிக்காய் என்று ஏதாவது பழச்சாயலைத் தூவு, கீழே சலவைத்துணி வாசம் தரும் செயற்கைக் கஸ்தூரியை வை. பூவில் அழுகலையும் இரவையும் நினைவூட்டும் பகுதியைக் கழித்துவிட்டு, காலைநேரத்தை மட்டும் வைத்துக்கொள்வதே இதன் சூட்சுமம். இளமை என்று எந்த மூலக்கூற்றிலும் எழுதியிருக்கவில்லை. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்ற தேர்வில்தான் அது இருக்கிறது. அந்தத் தேர்வும் ஐரோப்பிய வழக்கத்தை ஒட்டியது. பள்ளிக்கூடத்துச் சிறுமி முதல் கிழவி வரை இண்டோல் நிறைந்த அசல் பிச்சியைச் சூடும் ஊரில் அந்த இலக்கணம் அப்படியே செல்லுபடியாகாது. பூ இங்கே வயதைவிட வேறொன்றைச் சொல்லிவந்தது. கணவனை இழந்தவள் பூச் சூடக்கூடாது என்ற கொடிய வழக்கம் நிலவிய நாளில், தலையில் பூ மணம் இருப்பதும் இல்லாததும் ஒரு பெண்ணின் நிலையை ஊருக்கு அறிவித்தன.

தாய்க்குச் சோப்பு வாசம் அடித்ததற்கும் வேதியியலில் காரணம் இருக்கிறது. பென்சைல் அசிடேட், ஹெடியோன், செயற்கைக் கஸ்தூரிகள் எல்லாம் மலிவாகத் தயாராகி, சென்டில் மட்டுமல்லாமல் குளியல் சோப்பு, முகப்பவுடர், சலவைத்தூள் ஆகியவற்றிலும் சேர்கின்றன. அசல் பிச்சியைத் தலையிலும், செயற்கை மல்லிகையைச் சோப்பிலும் பவுடரிலும் அறிந்து வளர்ந்த மூக்கு, பாட்டிலைத் திறந்ததும் இரண்டாவதைத்தான் அடையாளம் காண்கிறது. அவள் சொன்னது குறையல்ல, சரியான பகுப்பாய்வு.

அரைமணி நேரத்தில் மணம் மாறுவது ஏன்? இதற்கு ஆவியாகும் வேகம் ஒரு பாதி விடை. பழச்சாயல் தரும் சிறிய மூலக்கூறுகள் நிமிடங்களில் பறந்துவிடும். பூக் கூறுகள் சில மணி நேரம் நிற்கும். கஸ்தூரியும் சந்தனமும் துணியில் மறுநாளும் இருக்கும். வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டில் மணப்பொருள்களை ஆவியாகும் நேரப்படி வரிசைப்படுத்தினார். மேல், நடு, அடி என்று மூன்று அடுக்காகச் சென்டை விவரிக்கும் வழக்கம் இந்த வகைப்பாட்டின் மேல்தான் நிற்கிறது. வெப்பம் கூடினால் இந்த ஓட்டம் முழுவதும் விரைவாகும். சித்திரை வெயிலில் திருநெல்வேலி டவுனிலிருந்து பேட்டைக்கு நடப்பவர் மேல் அடித்த சென்டின் மேலடுக்கு தெருமுனை தாண்டுவதற்குள் போய்விடும். குற்றாலச் சாரல் காற்று எட்டும் ஆனி, ஆடியில் அதே சென்ட் இன்னும் கொஞ்சம் நிதானமாக நடந்துகொள்ளும். வறண்ட தோலைவிட எண்ணெய்ப்பசை உள்ள தோலில் மணம் தங்கும். அத்தரின் நிதானத்துக்கும் இதுதான் காரணம். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சமேலி என்ற பிச்சி அத்தர் வடிக்கும்போது பூவின் ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள்ளேயே இறக்குகிறார்கள். சாராயம் கிடையாது, கனமான எண்ணெயில் கரைந்த மணம் மெல்லத்தான் வெளியேறும். பேட்டையில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது காதோரம் தடவிய ஒரு துளி பொழுது சாயும்வரை நிற்பது அதனால்தான்.

மறுபாதி விடை மூக்கில் இருக்கிறது; மூக்கின் கதை 1991-ல் திரும்பியது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் மணத்தை உணரும் ஏற்பிப் புரதங்களுக்கான மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மூக்கின் மேற்கூரையில் உள்ள நரம்புச் செல்கள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வகை ஏற்பி இருக்கும். மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400. ஒரு மணமூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்ற வடிவத்தைத்தான் மூளை மணமாகப் படிக்கிறது. மார்கழியில் வாசலில் வைக்கும் புள்ளிகளைப் போல இதை எண்ணலாம். புள்ளிகள் அதே புள்ளிகள்தான். எவற்றை இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நாள் தாமரை, மறுநாள் தேர். 400 புள்ளிகளை வைத்துக்கொண்டு போடக்கூடிய கோலங்களுக்குக் கணக்கே இல்லை. ஒரு வீட்டு வாசலில் சில புள்ளிகள் அழிந்துபோயிருந்தால், அதே கை போட்ட அதே கோலம் அங்கே வேறு உருவமாகத்தான் வரும்.

அழிந்த புள்ளி என்பது வெறும் கற்பனை அல்ல. எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் அவர்களுடைய மண ஏற்பிகளில் ஏறக்குறைய 30 விழுக்காடு வேறுவிதமாக வேலை செய்கின்றன என்று ஜோயல் மெயின்லாண்டும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் காட்டினார்கள். ஏற்பிகளைச் செல்களில் வளர்த்து, மணப்பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் சோதித்த முடிவு இது. அதே ஆண்டில் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பீட்டா அயனோன் என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். வயலட் பூவின் மணமும் பல பூச் சென்டுகளின் இனிமையும் அதிலிருந்து வருகின்றன. ஓ.ஆர்.5.ஏ.1 என்ற ஒரே ஒரு ஏற்பி மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைப் பொறுத்து, சிலருக்கு அது பூவாக மணக்கிறது. மற்றவர்களுக்குச் சரியாகத் தெரிவதே இல்லை, தெரிந்தாலும் புளித்த வாடையாகப் படுகிறது. செயற்கைக் கஸ்தூரிகளில் சிலவற்றை முகரவே முடியாதவர்களும் உண்டு. அத்தகையவர் தன்மேல் சென்ட் போதவில்லை என்று நினைத்து அடித்துக்கொண்டே போவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜன்னலைத் திறப்பார்.

சொந்த மணம் நமக்கே தெரியாமல் போவதற்கு மரபணு மாற்றம்கூடத் தேவையில்லை. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் ஏற்பிச் செல்களும் மூளையும் அதற்குப் பதிலளிப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. இதைத் தகவமைவு என்பார்கள். பிலடெல்பியாவின் மொனெல் மையத்தில் பமீலா டால்டன், சார்ல்ஸ் வைசோக்கி இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் இரண்டு வாரம் ஒரே மணத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த மணத்துக்கான கூர்மை குறைந்தது. மணத்தை அகற்றிய பிறகும் அது உடனே திரும்பவில்லை. பூச்சந்தையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குப் பூ மணப்பதில்லை என்பது இந்த ஆய்வுக்கு முன்பே ஊரறிந்த விஷயம். சென்ட் "போயிட்டு" என்று மகள் சொன்னதில் பாதி இது. பாட்டிலின் மேல் பழி இல்லை.

பாட்டியின் தலைவலிக்கு வருவோம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் பலருக்கு மணமே தூண்டுதலாக அமையும் என்பது மருத்துவர்கள் அறிந்தது. ஆனால் மூக்குக்கு அப்பால் எதிர்பார்ப்பும் வேலை செய்கிறது. டால்டனே செய்த இன்னொரு சோதனையில், எல்லோருக்கும் ஒரே மணத்தைக் காட்டி, சிலரிடம் அது இயற்கைச் சாறு என்றும் சிலரிடம் தீங்கானது என்றும் சொன்னார்கள். தீங்கு என்று கேட்டவர்களுக்கு நேரம் ஆக ஆக மணம் குறையவில்லை. உடல் உபாதைகளையும் அவர்களே அதிகம் சொன்னார்கள். ரேச்சல் ஹெர்ஸ் 2001-ல் வெளியிட்ட சோதனையும் இதே திசையில் போகிறது. வயலட் இலையின் மணத்தை ஒரு முறை வெள்ளரிக்காய் என்றும், மற்றொரு முறை பூஞ்சணம் என்றும் பெயர் சொல்லிக் கொடுத்தால், அதே மனிதர் ஒரு முறை ரசித்தார், மற்றொரு முறை முகம் சுளித்தார். பாட்டிலின் மேல் ஒட்டிய இளஞ்சிவப்புச் சீட்டும் மணத்தின் ஒரு கூறுதான் என்றால் மிகையில்லை.

மணம் மூளைக்குள் போகும் வழியும் தனி. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றே மேல் மூளைக்குப் போகின்றன. மணச் செய்தி அங்கே நிற்காமல், உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கும் நினைவுக்குரிய பகுதிகளுக்கும் நேரே போகிறது. ஸ்டாக்ஹோமில் யோஹன் வில்லண்டர், மரியா லார்சன் இருவரும் 65 வயதைக் கடந்தவர்களிடம் 2006-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். சொல்லையோ படத்தையோ காட்டினால் பத்து வயதுக்கு மேற்பட்ட பருவத்தின் நினைவுகள் அதிகம் வந்தன. மணத்தைக் காட்டினால் பத்து வயதுக்கு உட்பட்ட நினைவுகள் அதிகம் வந்தன. ஆகவே ஒருவருக்கு இளமையைத் தரும் மணம் எது என்பது கடையில் எழுதியிருப்பதைப் பொறுத்ததல்ல. அவர் சிறுவயதில் எதன் நடுவே இருந்தார் என்பதைப் பொறுத்தது. பாட்டிக்கு அது பிச்சிச் சரமாக இருக்கலாம். இன்றைய குழந்தைக்குச் சலவைத்தூளாகவே இருக்கலாம்.

இதை வைத்து எல்லாம் ஊர்ப் பழக்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2022-ல் ஆர்டின் அர்ஷாமியனும் உடன் ஆய்வாளர்களும் உலகின் ஒன்பது சமூகங்களில், காட்டில் வாழ்பவர் முதல் நகரவாசி வரை, பத்து மணங்களைத் தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள். பிடித்தது, பிடிக்காதது என்ற வேறுபாட்டில் சமூகப் பண்பாட்டின் பங்கு 6 விழுக்காடு. மூலக்கூறின் பங்கு 41. தனிமனித ரசனையின் பங்கு 54. ஒட்டுமொத்தத்தில் முதலிடம் பெற்றது வெனிலா மணம். நெல்லைக்காரி, பாரிஸ்காரி என்ற வித்தியாசத்தைவிட, ஒரே வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதாக இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

அடித்துக்கொண்டவரிடம் சென்ட் உண்டாக்கும் மாற்றத்தை அளந்தவர்களும் உண்டு. 2009-ல் வெளியான கிரெய்க் ராபர்ட்ஸ் குழுவின் ஆய்வில், இங்கிலாந்து இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு மணமுள்ள ஸ்பிரேயும் மற்றவர்களுக்கு மணமில்லாததும் கொடுத்தார்கள். பிறகு ஒலியில்லாத வீடியோவில் அவர்களைப் பெண்களுக்குக் காட்டினார்கள். மணமுள்ளதைப் பூசியவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. வீடியோவில் மணம் வராது. மாறியது அவர்கள் நின்ற விதமும் அசைந்த விதமும்தான். நிழற்படத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. செக் நாட்டில் 2012-ல் நடந்த மற்றோர் ஆய்வில், தானே தேர்ந்தெடுத்த சென்ட் தன் உடல் மணத்தோடு கலந்தபோது, யாரோ ஒதுக்கிக் கொடுத்த சென்டைவிட இனிமையாக மதிப்பிடப்பட்டது. மனிதர்கள் தங்கள் உடலுக்கு இசைவதைத்தான் அறியாமலே தேர்கிறார்கள் போலிருக்கிறது. மற்றவருக்குச் சென்டைப் பரிசாக வாங்குவது ஏன் பெரும்பாலும் சொதப்புகிறது என்பதற்கும் இதில் விடை உண்டு.

ஹெடியோன் பற்றி ஒரு பரபரப்புச் செய்தியும் உலவுகிறது. 2015-ல் ஜெர்மனியின் போஹூம், டிரெஸ்டன் ஆய்வாளர்கள், அது வி.என்.1.ஆர்.1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது என்றும், மூளைப் படத்தில் ஹைப்போதலாமஸ் பகுதியின் தூண்டல் பெண்களிடம் ஆண்களைவிட அதிகம் தெரிந்தது என்றும் காட்டினார்கள். மூளையின் ஒரு பகுதி படத்தில் ஒளிர்வது வேறு, நடத்தை மாறுவது வேறு. இதை வைத்துக் காதல் மருந்து என்று விற்பது வியாபாரம் மட்டுமே.

கடைசியாகத் தோல். லில்லிப் பூவின் புத்துணர்ச்சியைத் தந்ததால் இளமைச் சென்டுகளில் பல ஆண்டுகள் இருந்த லிலியால் என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு என்று கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப்பொருள்களில் தடை செய்தது. அதற்கு முந்திய பாட்டில் பீரோவில் இருந்தால் பின்புறப் பட்டியலில் பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோப்பியனால் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். லினலூல் புதிதாக இருக்கும்போது பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவதில்லை. காற்றோடு சேர்ந்து ஆக்சிஜன் ஏறினால் உண்டாகும் பொருள்கள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. பாதி காலியாகி, மூடி தளர்ந்து, வெயில் படும் ஜன்னலோரம் வருடக்கணக்கில் நிற்கும் பாட்டிலில் இது நடக்க எல்லா வசதியும் உண்டு. ஆகவே சென்டை இருட்டான, குளிர்ந்த இடத்தில் இறுக மூடி வைக்கவேண்டும். புதிதாக வாங்கும்போது கடைக்காரர் நீட்டும் அட்டையை முகர்ந்ததும் பணத்தை எடுக்க வேண்டாம். அதில் மேலடுக்கு மட்டும்தான் தெரியும். மணிக்கட்டில் ஒரு துளி தடவிக்கொண்டு வீட்டுக்குப் போய், மாலையிலும் அது பிடித்திருந்து, மறுநாளும் தோல் சிவக்காமல் இருந்தால் வாங்கலாம்.